கொம்பிரசர் மாற்றுமுன் ஒரு கேள்வி

குளிரூட்டி வசதி படைத்தோரின் ஆடம்பரப் பொருள் என்றிருந்த காலம் மாறிவிட்டது. தையல் நிலையம், கணினி வகுப்பு, மருந்தகம் எனப் பெண்கள் உழைக்கும் பல இடங்களில் அது இன்று ஒரு தேவையாகியுள்ளது. ஆனால் பழுதடைந்ததும், "இது ஆம்பிளையளின்ரை விசயம்" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். பணம் மட்டும் நமது கையிலிருந்து போகிறது.

சமூகப் பணிக்காக நான் சென்றுவரும், வவுனியாவிலுள்ள மகளிர் தையல் நிலையமொன்றில் கடந்த பங்குனியில் குளிரூட்டி வெறும் காற்றை வீசத் தொடங்கியது. பார்க்க வந்த திருத்துநர் எதையும் அளக்காமலே, "கொம்பிரசர் போயிட்டுது, மாத்த வேணும்" என்று விலையும் சொன்னார். அது அப்பெண்களின் 11 மாதச் சேமிப்பு. அவர் சொன்னதோ வாசலில் நின்ற காவலாளியிடம்! பொருளாளரான அக்கா குறுக்கிட்டு, "தம்பி, காசு தாறது நாங்கள். இது ஏன் பழுதானது எண்டு முதலிலை சொல்லுங்கோ" என்றார். பதில் கிடைக்கவில்லை.

மறுநாள் முறையாகப் பயின்ற வேறொருவரை அழைத்தோம். அவர் முதலில் கப்பாசிட்டரைச் சோதித்தார். இச்சிறு பாகம் பழுதானாலும் கொம்பிரசர் இயங்காது. மாற்றும் செலவோ மிகக் குறைவு. இங்கு அது நன்றாகவே இருந்தது. கொம்பிரசரின் மின்சுருள் எரிந்து அறுந்திருந்ததை மீற்றரால் அளந்து காட்டினார். காரணம், வெளிப்பெட்டியைச் சுற்றி அடுக்கியிருந்த வெட்டுத்துணி மூட்டைகளும், அதன் தகடுகளை அடைத்திருந்த தூசியும்தான். வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் கூடியிருந்தது. இதைச் சீர்செய்யாமல் மாற்றியிருந்தால் புதியதற்கும் அதே கதிதான். மூட்டைகளை அகற்றி, தகடுகளைக் கழுவிய பின்னரே புதிய கொம்பிரசர் பொருத்தப்பட்டது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை சில:

• பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் சேகரிக்க வேண்டும். பழைய இயந்திரங்களிலுள்ள ஆர்-22 ஓசோன் படையைப் பாதிப்பது. 1987 இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989 இல் இணைந்தது.

• புதிய கொம்பிரசர் அதே வாயுவுக்கும் அதே கொள்ளளவுக்கும் உரியதாக இருக்க வேண்டும். எரிந்த எண்ணெயின் அமிலத்தைக் குழாய்களிலிருந்து அகற்றி, ஈரம் உறிஞ்சும் வடியையும் மாற்ற வேண்டும்.

• குழாய்களை ஒட்டிய பின் நைதரசன் நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். பின்னர் வெற்றிடப் பம்பியால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, இயந்திரத்தில் குறிப்பிட்டுள்ள அளவுக்கு வாயுவை நிறுத்து ஏற்ற வேண்டும்.

• உத்தரவாதக் காலம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரம் மிகப் பழையதாயின் புதியதன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் கற்ற சமூகவியல், அறிவு உள்ளவரிடமே அதிகாரம் சேரும் என்கிறது. குளிரூட்டித் திருத்தத்திற்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளைகள் பயிற்சிநெறி தேடும்போது, மகள்மாருக்கும் இதைச் சொல்லுவோம்.