பழைய செப்டிக் டேங்க்கை மூடப் போறீங்களா? யாரையும் உள்ளே இறக்காதீங்க

ஏர்வாடியில எங்க உம்மாவோட பழைய வீட்டுல மராமத்து வேலை நடந்துச்சு. புது செப்டிக் டேங்க் கட்டியாச்சு, பின்பக்கம் இருக்குற பழசை மூடணும். மேஸ்திரி சொன்னாரு: "லாரி வந்து உறிஞ்சிட்டுப் போயிரும். அடியில கெட்டியா நிக்கிறதை மட்டும் ஒரு ஆள் இறங்கி அள்ளிருவான்." மாமாவும் சரின்னுட்டாரு. நான் வேணாம்னேன். "காலங்காலமா இப்படித்தானே செய்றாங்க?"ன்னு கேட்டாரு மாமா. அவருக்கு நான் சொன்ன பதில்தான் இன்னிக்கு எபிசோட்.

டேங்க்குள்ள காத்தில்லாம கழிவு மக்கும்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் உருவாகும். இதுல ஹைட்ரஜன் சல்பைடு ரொம்ப ஏமாத்துற வாயு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவுக்கு வந்துட்டா, மூக்கோட மோப்ப சக்தியே மரத்துப்போகும். "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்"னு தோணுற நேரம்தான் அதிக ஆபத்து. 700, 1000னு போனா கொஞ்ச நேரத்துலயே மயக்கம், மரணம்.

"மூடியை முதல் நாளே திறந்து வச்சா போதாதா?" போதாது. இந்த வாயு காத்தை விடக் கனம், அடியிலேயே தங்கும். அதோட, கெட்டிச் சேத்துக்குள்ளயும் வாயு அடைஞ்சு கிடக்கும். மண்வெட்டி பட்டு சேறு கலங்கின உடனே அது வெளிய வரும். மெழுகுவத்தி கொளுத்திப் பாக்குறதும் தப்பு. காத்துல மீத்தேன் 5-லேருந்து 15 சதவீதம் இருந்தா வெடிக்கும்.

இன்னொண்ணு. முதல்ல இறங்குனவர் விழுந்தா, காப்பாத்த அடுத்தவர் குதிப்பார். அவரும் விழுவார். செய்தியில "இருவர் பலி", "மூவர் பலி"ன்னு வர்றது பெரும்பாலும் இப்படித்தான்.

சட்டமும் தெளிவா இருக்கு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம செப்டிக் டேங்க்குள்ள யாரையும் இறக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். முதல் தடவையே 2 வருஷம் வரை சிறை, இல்லைன்னா 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டுமே. பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் 10 லட்சத்துலேருந்து 30 லட்சமா உயர்த்துச்சு. அத்தனை பேர் செத்துட்டு இருக்காங்கன்னுதானே அர்த்தம்?

அப்ப எப்படி மூடுறது? மொத்த வேலையையும் மேல நின்னே முடிக்கலாம்.

முதல்ல கழிப்பறைக் குழாயைப் புது டேங்க்குக்கு மாத்திட்டு, பழைய இணைப்பை அடைச்சிடுங்க. லாரி வந்து உறிஞ்சட்டும். அடியில கெட்டியா நின்னா, மேலிருந்தே தண்ணியைப் பீய்ச்சிக் கரைச்சு, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்க. சுண்ணாம்பைத் தூவுங்க. அப்புறம் மேல் சிலாபை ஜேசிபி வச்சு உடைச்சு, வெளிய நின்னே அடித்தளத்துலயும் ஓட்டை போடணும். இல்லைன்னா மழைத்தண்ணி உள்ளயே தேங்கும். கடைசியா மணலையும் ஜல்லியையும் அடுக்கடுக்கா போட்டு இறுக்கணும். வெறும் சிலாபை மட்டும் போட்டு மூடினா, என்னிக்காவது யாராவது அதுமேல கால் வைப்பாங்க.

ஏர்வாடி மாதிரி கடற்கரை ஊர்ல இன்னும் ரெண்டு விஷயம் பாக்கணும். மணல் பூமியில நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும். காலி டேங்க்கை அது கீழேருந்து தள்ளும், விரிசலும் விடலாம். அதனால ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னாடியே, கோடையில முடிச்சிடுங்க. அடுத்தது கிணறு. கழிவுநீர் இறங்குற உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணத்துக்கும் குறைஞ்சது 18 மீட்டர் இடைவெளி வேணும்னு ஐ.எஸ். 2470 தரக் குறியீடு சொல்லுது. புது டேங்க் கட்டும்போதே இதை அளந்துக்கங்க.

எங்க வீட்டுல லாரி ரெண்டு நடை வந்துச்சு. கூடுதல் செலவு அந்த ரெண்டாவது நடைக்கான வாடகை மட்டும்தான். யாரும் உள்ள இறங்கல. வேலை முடிஞ்சதும் மாமா அந்த ஆள்கிட்ட டீ கிளாஸை நீட்டி, "உனக்கு எத்தனை புள்ளைங்கப்பா?"ன்னு கேட்டாரு.

"மூணு, பாய்."

மாமா அதுக்கு மேல எதுவும் கேக்கல.