ஒயினின் சுவையை எப்படிச் சொல்வது? அஞ்சறைப்பெட்டியிலிருந்து தொடங்கலாம்

நண்பரின் பிறந்தநாள் விருந்து. உணவகத்தில் பட்டியல் உங்கள் கைக்கு வருகிறது. ஒயின் பக்கத்தில் ஒரு வரி: "கனமானது. உறுதியான டானின். பிளாக்கரண்ட், சிடார் மரம், புகையிலை ஆகியவற்றின் சாயல்."

"சிடார் மரத்தை நான் எங்கே மோந்து பார்த்தேன்?" என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு, பட்டியலைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறீர்களா?

அந்த வரியில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று வாய் உணர்வது. மற்றொன்று மூக்கு உணர்வது. பிரித்துப் பார்த்தால் முதலாவதற்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல சொற்கள் உண்டு. இரண்டாவதற்கு உங்கள் வீட்டுச் சமையலறை கைகொடுக்கும்.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாய்க்கும் மூக்குக்கும் என்ன வேறுபாடு?

ஒரு சின்னச் சோதனை. மூக்கை விரலால் மூடிக்கொண்டு ஒரு பழ மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும். ஆனால் அது ஆரஞ்சா, ஸ்ட்ராபெரியா? சொல்ல முடியாது. இப்போது விரலை எடுங்கள். சட்டென்று பழத்தின் பெயர் தெரிந்துவிடும்.

வாயிலிருந்து எழும் வாசம் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுவதே காரணம். நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு உண்மையில் வாசம்தான்.

ஒயினும் அப்படித்தான். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மதுவின் சூடு, கனம் ஆகியவை அதன் கட்டமைப்பு. வீட்டுக்குத் தூணும் உத்தரமும் போல. பிளாக்கரண்ட், மிளகு, வெண்ணெய் எல்லாம் வாசம். முதலில் கட்டமைப்பு, பிறகு வாசம். இந்த வரிசையில் போனால் குழப்பம் குறையும்.

கட்டமைப்பை எப்படி அறிவது?

இனிப்பு: நாக்கில் சர்க்கரை தெரிகிறதா? ஒயின் உலகில் 'டிரை' என்றால் இனிப்பு இல்லாதது என்று பொருள். அதை 'உலர்ந்தது' என்று மொழிபெயர்த்தால் சிக்கல். இன்னொன்று, பழ வாசம் வீசுவதால் மட்டுமே ஒயின் இனிப்பு ஆகிவிடாது. மூக்கை மூடிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

புளிப்பு: விழுங்கியபின் வாயில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று கவனியுங்கள். எலுமிச்சை ஜூஸில் சர்க்கரை போட்டால் புளிப்பு மறைந்த மாதிரி இருக்கும். ஆனால் எச்சில் ஊறுவது நிற்காது. இனிப்பான ஒயினில் புளிப்பைக் கண்டுபிடிக்கவும் இதே வழிதான்.

துவர்ப்பு: டானின் என்று பட்டியல்கள் சொல்வது, வாயில் நமக்குத் துவர்ப்பாகத் தெரியும். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து வருவது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்ந்து நொதிக்கிறது. அதனால் துவர்ப்பு அதிகம். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் முதலிலேயே சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். அதனால் குறைவு.

மதுவின் சூடு: விழுங்கும்போது தொண்டையில் தோன்றும் எரிச்சல். பெரும்பாலான ஒயின்களில் மதுவின் அளவு 11 முதல் 15 விழுக்காடு. இத்தாலியின் மோஸ்கட்டோ தாஸ்தி போன்ற சிலவற்றில் 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மிளகாயின் காரத்தை மது கூட்டிக் காட்டும். மீன்தலைக் கறியோடு 15 விழுக்காட்டு ஒயின் சேர்ந்தால் வாய் எரிவது அதனால்தான்.

கனம்: வாயை எவ்வளவு நிறைக்கிறது? கொழுப்பு நீக்கிய பால், முழுப்பால், தேங்காய்ப்பால். மூன்றையும் நினைத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே புரியும்.

கடைசியாக, விழுங்கிய பிறகும் வாசம் எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்பதையும் கவனிப்பார்கள். நல்ல ஒயின் சட்டென்று மறைந்துவிடாது.

'துவர்ப்பு' ஏன் முக்கியம்?

ஒயின் வகுப்புக்குப் புதிதாக வருவோர் கசப்பையும் துவர்ப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். தமிழில் வளர்ந்தவர்களுக்கு அது எளிது. அறுசுவையில் இரண்டும் தனித்தனி. பாகற்காய் கசக்கும். வாழைப்பூ துவர்க்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறிவியல்படி துவர்ப்பு, தொட்டுணர்வைச் சேர்ந்தது. எச்சிலில் இருக்கும் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது. நாக்கும் ஈறும் உராய்வது போன்ற உணர்வு அதனால் வருகிறது.

காப்பிக் கடையிலேயே இதைச் சோதிக்கலாம். நேரம் கழித்து ஆறிப்போன தே ஓ கோசோங் ஒரு வாய், பால் ஊற்றிய தே ஒரு வாய். இரண்டாவதில் துவர்ப்பு அடங்கியிருக்கும். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதே காரணம். பாலாடைக்கட்டியோடும் இறைச்சியோடும் சிவப்பு ஒயினைச் சேர்ப்பதற்குப் பின்னாலும் அந்தப் புரதத்தின் வேலை உண்டு.

வாசத்துக்கு அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

திராட்சையிலிருந்து செய்த பானத்தில் மிளகு வாசமா? யாரோ கற்பனையில் எழுதியது என்று தோன்றலாம். ஆனால் பல நேரங்களில் இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறு.

- மிளகு: ஷிராஸ் ஒயினின் மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு அதை வெளியிட்டனர். மிளகின் வாசத்துக்கும் அதுவே முக்கியக் காரணம்.
- வெந்தயம்: வெந்தயத்தின் தனி வாசம் சோட்டலோன் என்ற பொருளால் வருகிறது. பிரான்சின் ஜூரா வட்டாரத்தில் 6 ஆண்டுக்கு மேல் பீப்பாயில் வைக்கப்படும் 'மஞ்சள் ஒயினிலும்' அது உண்டு.
- லைச்சி: கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினும் லைச்சிப் பழமும் ஒரே வாசப்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன.
- குடமிளகாய்: பச்சைக் குடமிளகாயின் வாசப்பொருள் கேபர்னே சாவினியோன் திராட்சையிலும் இருக்கிறது. பழம் நன்கு பழுக்காவிட்டால் தூக்கலாகத் தெரியும்.

அட, பாதி நம்ம அஞ்சறைப்பெட்டியிலும் காய்கறிக் கூடையிலும் இருக்கிறதே!

அப்படியென்றால் பட்டியலில் ஏன் சிடாரும் பிளாக்கரண்டும்? அவற்றை எழுதியவர்கள் சின்ன வயதிலிருந்து மோந்து பழகிய பொருள்கள் அவை. அவ்வளவுதான். பிளாக்கரண்ட் உங்களுக்கும் பழக்கமானதுதான். ரைபீனா குடித்திருக்கிறீர்கள், இல்லையா?

மொழிபெயர்ப்பில் ஒரு பொறி

சாவினியோன் பிளாங் ஒயினில் 'கூஸ்பெரி' வாசம் என்று எழுதியிருக்கும். அகராதியைப் பார்த்தால் 'நெல்லிக்காய்' என்று வரும். நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. ஐரோப்பிய கூஸ்பெரி, பிளாக்கரண்டின் உறவுச்செடி. நம்ம நெல்லி முற்றிலும் வேறு மரம்.

அதே ஒயினில் கொய்யா வாசம் தெரிகிறதா என்று பாருங்கள். சாவினியோன் பிளாங்கில் இருக்கும் ஒரு முக்கிய வாசப்பொருள் கொய்யாவிலும் உண்டு. எனவே சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த பொருளைத் தேடுங்கள்.

அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆன் நோபல், 1980களில் ஒயின் வாசங்களை ஒரு சக்கர வடிவில் வகைப்படுத்தினார். 'நேர்த்தியானது' போன்ற பொத்தாம்பொதுவான சொற்களுக்கு அதில் இடமில்லை. கிராம்பு வாசம் என்றால் கிராம்பைக் கொண்டுவந்து மோந்து ஒப்பிட முடியவேண்டும். அந்த விதிப்படி பார்த்தால், கொய்யாவும் வெந்தயமும் சிடார் மரத்துக்குச் சளைத்தவை அல்ல.

2008இல் 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' பட்டம் பெற்ற முதல் ஆசியர்களில் ஒருவரான ஜீனி சோ லீ, ஆசியச் சமையலறைச் சொற்களால் ஒயினை விவரிப்பது பற்றி நூல்களே எழுதியிருக்கிறார்.

எனக்குத் தெரிந்தது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை. யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ரோட்டண்டோனின் வாசத்தை ஏறத்தாழ 5 பேரில் ஒருவரால் உணர முடிவதில்லை என்று அதே ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. ஒரே கிண்ணம், ஒருவருக்கு மிளகு மணக்கும், இன்னொருவருக்கு மணக்காது.

கண்ணும் ஏமாற்றும். பிரான்சின் போர்டோவில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. வெள்ளை ஒயினில் வாசமற்ற சிவப்பு நிறத்தைக் கலந்து, ஒயின் துறை மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குப் பயன்படும் சொற்களால் அவர்கள் அதை விவரித்தார்கள். படித்தவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் தயங்க வேண்டியதில்லை. ஆனால் மற்றவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே உங்கள் குறிப்பை எழுதிவிடுவது நல்லது.

சரி, எப்படித் தொடங்குவது?

1. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றுங்கள். மெதுவாகச் சுழற்றுங்கள். வாசம் மேலெழும்.
2. சிறிதாக இரண்டு முறை முகருங்கள். பழமா, பூவா, மசாலாவா, மரமா? முதலில் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள். பெயர் பிறகு வரும்.
3. ஒரு வாய் எடுத்து வாய் முழுதும் படரவிடுங்கள். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, சூடு, கனம் என்று வரிசையாகக் கேளுங்கள்.
4. துப்பிவிடுங்கள். நிபுணர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.
5. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள்.

ஓர் ஆஸ்திரேலிய ஷிராஸுக்கு உங்கள் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"இனிப்பு இல்லை. புளிப்பு நடுத்தரம். துவர்ப்பு தூக்கல், ஆறிய தே ஓ கோசோங் மாதிரி. முழுப்பாலின் கனம். தொண்டையில் லேசான சூடு. பொடித்த மிளகும் ரைபீனாவும் மணக்கிறது. 10 எண்ணும்வரை வாயில் நிற்கிறது."

இதில் புரியாதது ஏதாவது உண்டா? உங்கள் பாட்டிக்கும் புரியும்.

மது அருந்தாதவர்கள் என்ன செய்யலாம்?

சமயம், உடல்நலம், விருப்பம் என்று எந்தக் காரணமாகவும் இருக்கலாம். இந்தப் பயிற்சிக்கு மது தேவையே இல்லை. தேநீரிலும் காப்பியிலும் புளிப்பு, துவர்ப்பு, கனம், வாசம் எல்லாம் உண்டு. அவற்றைச் சுவைத்துத் தரம் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது சிங்கப்பூரில் 18, மலேசியாவில் 21. எந்த அளவு மதுவும் முற்றிலும் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. சுவைத்துப் பார்க்க ஒரு வாய் போதும். கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டியதில்லை.

அடுத்த முறை சாம்பாருக்குத் தாளிக்கும்போது வெந்தயத்தை ஒரு கணம் மோந்து பாருங்கள். மிளகு டப்பாவைத் திறக்கும்போதும்தான். அந்த வாசங்கள் நினைவில் பதிந்துவிட்டால், எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் பக்கத்தில் தள்ளத் தேவையிருக்காது.