‘முன்வருமா’, ‘எவ்வளவு’: சட்டமன்ற வினாக்களின் இலக்கணமும் பெரம்பூர்த் தொகுதியும்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் வினா விடை நேரத்தைக் கேட்டு வருவோர்க்கு ஒரு தொடர் நன்கு பழகியிருக்கும். உறுப்பினர் எழுந்து, தம் தொகுதியின் தேவையொன்றைக் கூறி, அதனை நிறைவேற்ற ‘அரசு முன்வருமா என மாண்புமிகு பேரவைத் தலைவர் வாயிலாக அறிய விரும்புகிறேன்’ என்று முடிப்பார். ‘அரசு ஆவன செய்யுமா’ என்பது இதன் மற்றொரு வடிவம். கட்சி, ஆட்சி வேறுபாடின்றி இத்தொடர் வழங்கி வருகிறது. 2022 ஜனவரியில் வினா விடை நேரம் நேரலையாக ஒளிபரப்பப்படத் தொடங்கிய பின்னர்ப் பொதுமக்களும் இதனை நாள்தோறும் கேட்கின்றனர். இத்தொடரின் இலக்கண அமைப்பு, பொதுப்பணம் பற்றிய கேள்வியின் வலிமையை எவ்வாறு வரையறுக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கொடுங்கையூர், வியாசர்பாடிப் பகுதிகளை உள்ளடக்கிய பெரம்பூர்த் தொகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை. அதற்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

வினாவின் வகை

வினவும் உரிமை இந்நாட்டுச் சட்டமன்றங்களுக்கு ஒருசேரக் கிடைத்ததன்று. 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த மன்றங்களுக்கு நிருவாகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. 1892 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை வழங்கியது. வரவு செலவு பற்றி விவாதிக்கவும் அதுவே இடமளித்தது, வாக்கெடுப்புக்கு இடமில்லை. மூல வினாவை எழுப்பியவர் துணை வினா கேட்கும் உரிமை 1909 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு வந்தது. இவ்வரலாற்றில் துணை வினாவே முதன்மையானது என்பது என் கருத்து. எழுதிக் கொடுத்த வினாவிற்கு எழுதி வைத்த விடை வரும். துணை வினாவிற்கு விடைகூறுபவர் துறையை அறிந்திருத்தல் வேண்டும்.

பவணந்தியார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்தார். சட்டமன்ற வினா புறத்தோற்றத்தில் அறியா வினா. ‘அறிய விரும்புகிறேன்’ என்பதே அதன் வாய்பாடு. ஆயின் வினவுவோர் விடையை அறியாதவர் அல்லர். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் நீர் தேங்குவதைப் பெரம்பூர் உறுப்பினர் அமைச்சரிடம் கேட்டு அறிய வேண்டிய நிலை இல்லை. எனவே ஒரு நிலையில் அது அறிவினா. ‘முன்வருமா’ என முடியும்போது அது கொளல் வினாவாகிறது. கடைக்குச் சென்று பொருள் உண்டா எனக் கேட்பவன், இருப்பை அறிய அன்று, வாங்கவே கேட்கிறான். எதிர்க்கட்சி உறுப்பினர் சற்று அழுத்திக் கூறின் அதுவே ஏவல் வினாவாகவும் மாறும். ஒரே தொடர் மூன்று வகைகளில் இயங்குவது அதன் வளம். அதன் இடரும் அதுவே. விடை கூறுவோர் தமக்கு இசைந்த வகையைத் தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் விடையிறுத்து அமரலாம்.

விடையின் வகை

நன்னூல் கூறும் எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் வினாவிற்குரிய பொருளைக் குறிப்பால் பயப்பவை. பேரவையில் நேரடி விடைகள் இல்லாமல் இல்லை. ‘ஆம்’, ‘இல்லை’, ‘அவ்வாறான கருத்துரு அரசின் பரிசீலனையில் இல்லை’ என்பன அன்றாடம் கேட்கப்படுபவையே. எனினும் செலவு குறித்த வினா எழும்போது பிற ஐந்தும் வரிசையாக முன்வருகின்றன.

நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்பது உறுவது கூறல். நிதிப் பற்றாக்குறை நிலவுகிறது என்பது உற்றது உரைத்தல். உறுப்பினர் தமது தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து அப்பணியைச் செய்துகொள்ளலாம் என்பது ஏவல். கேட்டவரிடமே வேலையைத் திருப்பியளிக்கும் இவ்விடைக்கு அவையில் சிரிப்பும் எழுவதுண்டு. குறிப்பிட்ட ஒரு சுரங்கப்பாதை பற்றிக் கேட்க, மாநகரம் முழுவதும் கட்டப்பட்ட பாலங்களின் எண்ணிக்கையைக் கூறுவது இனமொழி. ‘உங்கள் ஆட்சிக்காலத்தில் ஏன் செய்யவில்லை’ என்பது வினாவெதிர் வினாதல். இலக்கண உரைகளில் இவ்வகைக்கு அளிக்கப்படும் எடுத்துக்காட்டுகளைவிடப் பேரவை எடுத்துக்காட்டுகள் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

இவற்றுள் உறுவது கூறல் தனித்து நோக்கத்தக்கது. ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்னும் தொடரில் மூன்று நீக்கங்கள் உள்ளன. செயப்பாட்டு வினை, செய்பவரை நீக்குகிறது. ‘ஏற்ப’ என்னும் சொல் செயலை ஒரு நிபந்தனைக்கு உட்படுத்தி உறுதியை நீக்குகிறது. எதிர்காலம், எந்த நாள் என்பதை நீக்குகிறது. மேலும், வாக்களிக்கப்படும் செயல் சுரங்கப்பாதைப் பணி அன்று, பரிசீலனை மட்டுமே.

இத்தகைய தொடர்களை நாடாளுமன்றம் விளையாட்டாகக் கொள்ளவில்லை. மக்களவையில் 1953 டிசம்பரில் அரசு உறுதிமொழிக் குழு அமைக்கப்பட்டது. எவ்வெத் தொடர்கள் உறுதிமொழியாகக் கருதப்படும் என்பதற்கு அங்கு ஒரு பட்டியலே உண்டு. பொருள் பரிசீலனையில் உள்ளது, கவனித்து ஆவன செய்வேன், விசாரணை நடைபெறுகிறது, உறுப்பினருக்குத் தெரிவிப்பேன் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர்கள் அதில் இடம்பெறுகின்றன. அமைச்சர் அவற்றுள் ஒன்றைக் கூறின் மூன்று மாதங்களுக்குள் அதனை நிறைவேற்றி அறிக்கை அளித்தல் வேண்டும். மொழியியலார் வாக்களித்தலை ஒரு செயலாகக் கோட்பாட்டளவில் விரிவாகப் பேசுவதற்கு முன்பே, அவைச் செயலகம் நடைமுறைத் தேவையால் அதற்கு இலக்கணம் வகுக்கத் தொடங்கிவிட்டது எனலாம். தமிழ்நாட்டுப் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. அரசமைப்பின் 210 ஆம் உறுப்பும் 1956 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழை இம்மன்றத்தின் மொழியாக நிலைநிறுத்திய பின்னர், ‘பரிசீலிக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’, ‘முன்னுரிமை அடிப்படையில் எடுத்துக்கொள்ளப்படும்’ ஆகியவற்றின் உறுதிப்பாட்டு வேறுபாட்டைத் தமிழிலேயே ஆராய்ந்து வரையறுப்பது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி.

பணத்தைக் கேட்கும் வினா

‘முன்வருமா’ என்பது ஆகார ஈற்று வினா. அதற்கு உடன்பாடு அல்லது மறுப்பே இயல்பான விடை; இரண்டையும் கூற விரும்பாதவர்க்கு எதிர்காலம் புகலிடம் தருகிறது. எகர, யாகர முதல் வினாச்சொற்கள் அவ்வாறல்ல. எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று, எந்நாளில், யாருக்கு என்னும் வினாக்கள் இறந்தகாலத்தைப் பற்றியவை. எண்ணையும் பெயரையும் நாளையும் கோருபவை. அவற்றிற்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்பது விடையாகாது.

இவ்வேறுபாட்டின் விளைவை 1957 ஆம் ஆண்டு நிகழ்வொன்று காட்டும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் அவ்வாண்டு ஜூன் மாதம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. எந்த நிறுவனம், என்ன விலை, யார் முடிவு என்னும் கேள்விகள் மக்களவையில் தொடர்ந்து எழுந்தன. பெரோஸ் காந்தி டிசம்பரில் அதனை விரிவாக எடுத்துரைத்தார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் சென்னையைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கழகத்தின் முதலீட்டை ஒழுங்குபடுத்த அரசு முன்வருமா என்று மட்டும் கேட்டிருந்தால், பரிசீலிக்கப்படும் என்ற விடையோடு அவை அடுத்த வினாவிற்குச் சென்றிருக்கக்கூடும்.

வடசென்னையில் இவ்வினா வகைக்கு இன்று தெளிவான பொருளிடம் உண்டு. 2023–24 வரவு செலவுத் திட்டத்தில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அது தொடங்கப்பட்டபோது கூறப்பட்ட தொகை 4,181 கோடி ரூபாய். பல துறைகளின் பணிகள் ஒரு பெயரின்கீழ்த் தொகுக்கப்பட்டமையே இவ்வளர்ச்சிக்குரிய விளக்கம். ஒருங்கிணைப்பு நன்று. ஆனால் பேரவை பணத்திற்கு இசைவளிப்பது திட்டப் பெயரால் அன்று, 50க்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகள் வழியாக. பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் எனச் சிதறிய ஒரு தொகையைப் பற்றிய வினா எந்த அமைச்சருக்குரியது? 4,181 கோடியில் புதிதாக ஒதுக்கியது எவ்வளவு, துறைகள் முன்பே மேற்கொண்டிருந்த பணிகளிலிருந்து சேர்த்தது எவ்வளவு என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய எகர வினா. வெட்டுத் தீர்மானம் இதற்குப் பயன்படாது. குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டுவதற்காகக் கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்கக் கோரும் அடையாள வெட்டும் ஒரு கோரிக்கை எண்ணைப் பற்றியே வரவேண்டும்.

அதிகார எல்லையும் இவ்வாறே வினாவைச் சிதைக்கிறது. வியாசர்பாடியில் இருப்புப்பாதையின் அடியில் தேங்கும் நீர் மாநகராட்சிக்குரியது. மேலே உள்ள பாதை இரயில்வேக்குரியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலை ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துக்குரியது, மீனவர் இழப்பீடு மற்றொரு துறையின் பொறுப்பு. மீனவர்க்கு நேர்ந்த இழப்பு ஒன்று. அதனைக் கேட்க வேண்டிய அவைகள் இரண்டு.

வினவுவோர் இல்லாத காலம்

வினா பற்றிய இலக்கண வரையறைகள் அனைத்தும் வினவுவோர் ஒருவர் இருப்பதைக் கொண்டே அமைந்தவை. பெரம்பூரில் அவ்வடிப்படையே இல்லாதிருந்த காலம் உண்டு.

2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். பெரம்பூர் உறுப்பினர் பி. வெற்றிவேல் அவர்களுள் ஒருவர். வழக்கு உயர்நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தமையால் இடைத்தேர்தல் நடைபெறவில்லை. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். அக்டோபர் 25 அன்று மூன்றாம் நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். 2019 ஏப்ரல் 18 அன்று நடந்த இடைத்தேர்தலின் முடிவு மே 23 அன்று வெளிவந்து, தி.மு.க.வின் ஆர்.டி. சேகர் தெரிவானார். ஏறத்தாழ இருபது மாதங்கள். அண்டைத் தொகுதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் நகரும் 2016 டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தது முதல் 2017 டிசம்பர் இடைத்தேர்தல் வரை உறுப்பினரின்றி இருந்தது. எனவே அவ்விலையுதிர்காலத்தில் இரு தொகுதிகளும் ஒருசேர வெறுமையாயின.

மாநகராட்சி மன்றமும் அப்போது இல்லை. 2016 அக்டோபரில் முந்தைய மன்றத்தின் காலம் முடிந்தபின், 2022 மார்ச்சில் புதிய மன்றம் பதவியேற்கும் வரை தனி அலுவலரே சென்னை மாநகராட்சியை நடத்தினார். ஆகவே கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் அருகில் வாழ்ந்தவர்க்கு அவ்விருபது மாதங்களில் மாமன்ற உறுப்பினரும் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. எஞ்சியவர் மக்களவை உறுப்பினர் ஒருவரே. மக்களவையோ குப்பை அகற்றலைக் கேட்பதற்குரிய அவை அன்று.

எந்த உறுப்பினரும் எந்தத் தொகுதி பற்றியும் வினவலாமே என்னும் மறுப்பு எழலாம். விதிப்படி அது சரியே. ஆனால் ‘முன்வருமா’ மரபு, வினாவைத் தொகுதிக் கோரிக்கையாகப் பழக்கிவிட்டது. தம் தொகுதிக்குப் பாலம் கேட்கக் கிடைக்கும் ஒரு துணை வினாவைப் பிறர் தொகுதியின் கணக்குக்காகச் செலவிடுவோர் அரியர். கணக்கு கேட்கும் வினாவே மரபாயிருப்பின் உறுப்பினரின்மையின் இழப்பு குறைந்திருக்கும். ஏனெனில் ‘எவ்வளவு’ என்பதற்குத் தொகுதி எல்லை கிடையாது.

2018–19 ஆம் ஆண்டுக்கான மானியக் கோரிக்கைகள் பெரம்பூர் உறுப்பினர் இன்றியே விவாதிக்கப்பட்டு நிறைவேறின. அவ்வாண்டு எழுப்பப்படாத ‘முன்வருமா’க்களுக்கு இனி இடமில்லை; அவை காலத்தோடு கழிந்தன. செலவினக் கணக்கு அவ்வாறன்று. மாநில அரசின் கணக்குகள் மீதான தணிக்கை அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு ஆண்டுகள் பல கடந்தும் எடுத்து ஆராய்வதே வழக்கம். 2017–18, 2018–19 ஆண்டுகளில் வடசென்னைப் பணிகளுக்கென்று மாநிலக் கருவூலத்திலிருந்து சென்ற தொகை எவ்வளவு என்னும் வினாவை அக்குழுவின் உறுப்பினர் எவரும் இன்றும் கேட்கலாம். விடைகூறத் துறைச் செயலர் அழைக்கப்படுவார்.