கணிப்பொறிக்கும் மராமத்து வேண்டும்

கோலார் தங்கவயலுக்கு அருகே பாலாற்றின் போக்கில் அமைந்துள்ளது பேத்தமங்களா நீர்த்தேக்கம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் இயங்கிவந்த காலத்தில், அந்நகரின் குடிநீர்த் தேவையை நிறைவு செய்ததில் இந்நீர்த்தேக்கத்திற்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டுக் குழாயைத் திறப்பவருக்குத் தண்ணீர் வருகிறதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். கரையின் வலிமையையும் மதகின் நிலையையும் படிந்துள்ள வண்டலின் அளவையும் அறிந்தவர்கள் ஏரியைப் பராமரிப்பவர்களே. ஏரியை வெட்டுவது ஒரு முறை செய்யும் பணி. மராமத்து ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணி. தென்னகத்தில் குடிமராமத்து என்னும் ஏற்பாடு தோன்றியதற்கு இதுவே காரணம்.

இன்று அரசு அலுவலகங்கள், வங்கிகள், பள்ளிகள் ஆகிய அனைத்தும் கணிப்பொறிகளைச் சார்ந்துள்ளன. அவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கும் இதே நியதி பொருந்தும்.

மூல நிரல் என்பது யாது?

கணிப்பொறியின் நினைவகம், வட்டு, விசைப்பலகை, வலைத்தொடர்பு ஆகியவற்றை நிர்வகித்து, ஏனைய மென்பொருள்களுக்கு இடமளிப்பது இயக்கு முறைமை. இதன் மையப் பகுதி கெர்னல் எனப்படும். பல மென்பொருள்களும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுதிகளும் அன்றாடக் கருவிகளும் அதனைச் சூழ்ந்து அமைகின்றன.

மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மொழியில் எழுதப்படுவது மூல நிரல். கம்பைலர் என்னும் மென்பொருள் அதனைப் பொறி மட்டுமே அறியும் இரும எண்களாக மாற்றுகிறது. விற்பனைக்கு வரும் பல இயக்கு முறைமைகளில் வாங்குவோருக்குக் கிடைப்பது இந்த இரும வடிவம் மட்டுமே. குழாய் நீர் கிடைக்கும். ஏரிக்குச் செல்ல அனுமதி கிடைக்காது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற திறந்த மூல இயக்கு முறைமைகளிலோ மூல நிரல் முழுவதும் அனைவருக்கும் கிடைக்கிறது. அதனைப் படிக்கலாம், திருத்தலாம், மீண்டும் கட்டமைக்கலாம்.

புதுப்பித்தல் ஏன்?

எழுதி முடித்த மென்பொருள் தேய்வதில்லை, ஆயினும் பழையதாகிறது. பல ஆண்டுகளாகக் கவனத்திற்கு வராத குறைகள் பின்னர் வெளிப்படுகின்றன. புதிய வன்பொருள்கள் வருகின்றன. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தும்போது குறைகளைத் திருத்துவாரும் இல்லாமற் போகின்றனர்.

விண்டோஸ் எக்ஸ்பி முறைமைக்கான ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் முடிவுற்றது. அதன் பின்னரும் இந்தியாவில் பல தானியங்கிப் பணப் பொறிகள் அதிலேயே இயங்கிவந்தன. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. அது பயன்படுத்திய குறைக்கான திருத்தம், ஆதரவிலிருந்த முறைமைகளுக்கு அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிடப்பட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாதவர்களே பெரிதும் பாதிப்புக்கு உள்ளாக நேர்ந்தது. 2018 ஜூன் மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கி, பணப் பொறிகள் அனைத்தையும் 2019 ஜூன் மாதத்திற்குள் படிப்படியாக ஆதரவுள்ள முறைமைகளுக்கு மாற்றுமாறு வங்கிகளுக்கு ஆணையிட்டது.

மூல நிரல் கைவசம் உள்ள முறைமையில், தயாரிப்பாளர் விலகினாலும் திருத்தும் உரிமையும் வழியும் பயன்படுத்துவோரிடமே இருக்கும். ஆனால் உரிமை வேறு, திறமை வேறு என்பதை மறத்தலாகாது.

மறுகட்டமைப்பின் படிகள்

மூல நிரலிலிருந்து முறைமை முழுவதையும் புதுப்பிக்கும் வழக்கம் நன்கு வகுக்கப்பட்டிருப்பதற்கு ஃப்ரீபிஎஸ்டி சிறந்த எடுத்துக்காட்டாகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்த பணிகளின் வழித்தோன்றலாக 1993இல் உருவானது இம்முறைமை.

முதற்படி ஆயத்தம். தரவுகள் அனைத்திற்கும் காப்புப் பிரதி எடுத்து, புதிய பதிப்புடன் வரும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் படித்தல் வேண்டும்.

இரண்டாம் படி கட்டமைத்தல். பழைய கம்பைலரைக் கொண்டு புதிய கம்பைலர் முதலில் உருவாக்கப்படுகிறது. அதனைக் கொண்டு ஏனைய பகுதிகளும் கெர்னலும் உருவாக்கப்படுகின்றன. இவை தனியிடத்தில் உருவாவதால் இயங்கிக்கொண்டிருக்கும் முறைமைக்கு இடையூறு நேர்வதில்லை. இடையில் பிழை ஏற்பட்டாலும் அன்றாட அலுவல் தடைப்படாது.

மூன்றாம் படியில் புதிய கெர்னல் மட்டும் நிறுவப்பட்டு, கணிப்பொறி மீண்டும் தொடக்கப்படுகிறது. பழைய கெர்னல் நீக்கப்படுவதில்லை; புதியது இயங்கத் தவறினால் பழையதற்குத் திரும்பலாம். புதிய கெர்னல் பழைய கருவிகளையும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். பழைய கெர்னலில் புதிய கருவிகள் இயங்குமென்ற உறுதி இல்லை. இந்த வரிசை அமைந்ததன் காரணம் இதுவே.

நான்காம் படியில் ஏனைய பகுதிகள் நிறுவப்படுகின்றன. பின்னர் அலுவலகத்திற்கேற்பச் செய்யப்பட்ட அமைப்புக் கோப்புகள் புதிய பதிப்பின் கோப்புகளுடன் ஒப்பிட்டு இணைக்கப்படுகின்றன. மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம் இது. அவசரத்தில் பழைய அமைப்புகளை அழித்துவிட்டால், நிறுவல் வெற்றி பெற்றும் பணி நின்றுபோகும்.

நம்பிக்கையின் அடிப்படை

மூல நிரல் வெளிப்படையாக இருந்தால் போதுமா? யூனிக்ஸ் முறைமையை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன், 1984இல் வெளியான தமது டூரிங் விருதுச் சொற்பொழிவில், மூல நிரலில் தடயமே இன்றிக் கம்பைலரின் வாயிலாகத் தீங்கைப் புகுத்த இயலும் என்று விளக்கினார்.

2024 மார்ச் மாதத்தில் வெளிப்பட்ட நிகழ்ச்சி இவ்வச்சம் வீணன்று என உணர்த்தியது. லினக்ஸ் முறைமைகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளின் வெளியீட்டுத் தொகுப்பில், கட்டமைக்கும்போது மட்டும் செயற்படும் தீய நிரல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதனைச் செயற்படுத்தும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இடம்பெறவில்லை. தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழைவதற்கு ஏறத்தாழ அரை வினாடி தாமதம் ஏற்பட்டதைக் கவனித்த பொறியாளர் ஒருவரே இதனைக் கண்டறிந்தார்.

ஒரே மூல நிரலை வெவ்வேறு இடங்களில் தனித்தனியே கட்டமைத்து, விளைவு எண்ணுக்கு எண் ஒத்துள்ளதா எனச் சரிபார்க்கும் முறையை டெபியன் போன்ற திட்டங்கள் வளர்த்துவருவதற்கு இத்தகைய ஆபத்துகளே காரணம். கணக்கைத் தணிக்கை செய்வது போன்ற பணி இது.

இந்திய முயற்சிகள்

திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய ஆதார மையம் 2005இல் சென்னையில் தொடங்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் இதில் இணைந்து பணியாற்றின. சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் எனப்படும் பாரத் இயக்கு முறைமை 2007இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இதனைப் பயன்படுத்தலாம். கேரளத்தில் அரசுப் பள்ளிகளுக்கெனத் தனியே தொகுக்கப்பட்ட லினக்ஸ் முறைமை பயன்பாட்டில் உள்ளது. அரசு அமைப்புகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது.

பாஸ் போன்ற முறைமைக்கு ஓய்வென்பதே இல்லை. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. அதற்கேற்ப இந்திய மொழி வசதிகளையும் உள்நாட்டுத் தேவைக்கான திருத்தங்களையும் மீண்டும் பொருத்திச் சோதிக்க வேண்டும். இதில் தளர்வு நேர்ந்தால், மூல நிரல் கையில் இருந்தும் முறைமை பழையதாகிவிடும்.

செலவும் ஆதாயமும்

திறந்த மூல மென்பொருள் செலவில்லாதது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. உரிமக் கட்டணம் மிச்சமாகிறது. அதற்குப் பதிலாகப் பராமரிப்போரின் ஊதியமும் பயிற்சியும் சோதனைக் கணிப்பொறிகளும் தேவைப்படுகின்றன. ஆயினும் இவ்விரு செலவுகளும் ஒரே தன்மையன அல்ல. கட்டணமாகச் செலுத்தப்படும் பணம் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே தருகிறது. பயிற்சிக்காகச் செலவிடப்படும் பணம் நாட்டில் திறமையாக நிலைபெறுகிறது.

வரவு செலவுத் திட்டங்களில் கணிப்பொறி வாங்குவதற்கு எளிதில் நிதி ஒதுக்கப்படுகிறது. பராமரிப்புக்கு ஒதுக்கீடு குறைந்தால் அந்த முதலீடு பயனற்றுப் போகும். ஒவ்வொரு துறையும் தன் கணிப்பொறிகளில் எந்தப் பதிப்பு உள்ளது, அதற்கு எந்நாள் வரை ஆதரவு உண்டு என்னும் பதிவேட்டை வைத்திருத்தல் வேண்டும். புதிய பதிப்பைச் சோதனைக் கணிப்பொறியில் இயக்கிப் பார்த்த பின்னரே அலுவலகமெங்கும் நிறுவுதல் வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு முறைமையைப் பயன்படுத்துவதோடு அதனைக் கட்டமைக்கவும் கற்பித்தல் பயன்தரும்.

தூர்வாரப்படாத ஏரியில் கரை இருக்கும், மதகு இருக்கும், தேக்குவதற்கு இடமிராது. பேணப்படாத மூல நிரலின் நிலையும் அதுவே. தன்னிறைவு என்பது மூலத்தை உடைமையாக வைத்திருப்பதில் தொடங்குகிறது. அதனைத் தன் கையால் மீண்டும் கட்டமைக்க வல்லவர்களை நாடு தொடர்ந்து பெற்றிருந்தால்தான் அது நிலைக்கும்.