மெல்ல வாசிக்கும் கலை

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்க்குப் ‘பலட்’ என்றதும் பழைய கதைப்பாடல்களே நினைவுக்கு வரும். ஜாஸ் இசையிலோ அச்சொல்லின் பொருள் வேறு. மெதுவான நடையில், பெரும்பாலும் காதலையோ பிரிவையோ பாடும் பாட்டையே ஜாஸ் கலைஞர் அப்பெயரால் அழைப்பர். மூவரோ நால்வரோ கூடிய சிறு குழுவில் இத்தகைய பாட்டை வாசிப்பது எளிதென்று நமக்குத் தோன்றலாம். விரல்கள் விரைந்தோட வேண்டியதில்லை அன்றோ? ஆயினும், கலைஞரின் தரத்தை அறிய இதுவே உரைகல் என்று கருதுவோர் பலர்.

காரணத்தைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். இப்பாட்டுக்களிற் பல 32 தாள அளவைகளைக் கொண்டவை. அளவை ஒன்றுக்கு 4 தட்டுக்கள்; ஆகவே, ஒரு சுற்றுக்கு 128. நிமிடத்துக்கு 240 தட்டுக்கள் என்னும் விரைந்த நடையில் ஒரு சுற்று 32 வினாடியில் முடிந்துவிடும். 60 தட்டு நடையிலோ இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும். விரைவான வாசிப்பில் ஒரு சுரம் பிசகினால் அடுத்த சுரம் அதனை மறைத்துவிடும். மெதுவான வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்கும். மூச்சின் நடுக்கமும் செவிக்குப் புலனாகும். இடைவெளியைக் கண்டு அஞ்சும் இளைஞர் அதனை விரைந்த சுரங்களால் நிரப்ப முற்படுவர். பாட்டின் உணர்ச்சி அங்கே சிதைந்துவிடும்.

இவ்வச்சத்தை வெல்வதற்கு மூத்தோர் கண்ட வழி, பாட்டின் சொற்களை அறிந்து வாசிப்பதாகும். சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்ரர் கோர்டன் (1923–1990) வாசிக்கத் தொடங்குமுன் பாட்டின் சொற்களைச் சபையோருக்கு எடுத்துச் சொல்லும் வழக்கமுடையவர். சொல்லை அறிந்தவருக்கே எங்கே மூச்சு விடுவது, எச்சுரத்தை நீட்டுவது என்பன விளங்கும். புயல் போன்ற சுரவரிசைகளுக்குப் பெயர்பெற்ற ஜோன் கோல்ட்ரேன், 1961, 1962ஆம் ஆண்டுகளிற் பதிவுசெய்த ‘பலட்ஸ்’ இசைத்தட்டிலே, கைவசமிருந்த வேகத்தை அடக்கி மெட்டோடு ஒட்டியே செல்வதைக் கேட்கலாம்.

உடன் வாசிப்போரின் பங்கும் சிறிதன்று. டிரம் கலைஞர் கோல்களை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகைகளால் தோலை வருடுவார். 1961 யூன் 25ஆம் நாள் நியூயோர்க் நகரின் வில்லேஜ் வான்கார்ட் நிலவறை அரங்கிலே பியானோ கலைஞர் பில் எவன்ஸ், பாஸ் வாசித்த ஸ்கொட் லஃபாரோ, டிரம் வாசித்த போல் மோஷன் ஆகிய மூவரும் வாசித்தவை இதற்குச் சான்று. கண்ணாடிக் குவளைகளின் ஒலியும் பதிவில் கேட்கின்றது. அவ்வளவு மென்மையான வாசிப்பு. ஒருவர் விட்ட இடைவெளியை மற்றவர் உடனே நிரப்பாது காத்திருக்கின்றார். பதினொரு நாட்களின் பின் லஃபாரோ வீதி விபத்தில் மாண்டார். அவருக்கு வயது 25.

இன்றைய கலைஞரை எதிர்நோக்கும் வினா ஒன்றுண்டு. இக்கலைக்கு அடிப்படையான பழம்பாட்டுக்கள் பெரும்பாலும் அமெரிக்க நாடக மேடைக்கும் திரைப்படத்துக்கும் எழுதப்பட்டவை. அக்காலச் சபையோருக்கு அவற்றின் சொற்கள் மனப்பாடம். இக்கால இளைஞர் பலர் அவற்றைக் கேட்டதேயில்லை. கேட்போர் அறியாத சொற்களைச் சுரத்தால் உணர்த்துவது எங்ஙனம்? பிராட் மெல்டாவின் மூவர் குழு 2016இல் வெளியிட்ட ‘புளூஸ் அன்ட் பலட்ஸ்’ ஒரு விடையைத் தருகின்றது. கோல் போர்ட்டரின் பழம்பாட்டோடு பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டொன்றும் அதில் இடம்பெறுகின்றது. பாட்டுத்தொகுதி வளர்ந்தாலன்றிக் கலை வாழாது என்பதே அதன் கருத்துப்போலும்.

இவ்விசைக்குப் புதியவரான மாணவர் கோல்ட்ரேன், பாடகர் ஜொனி ஹார்ட்மனோடு 1963இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். முதலிற் பாடகரின் சொற்களைக் கவனிக்க. பின்னர் சாக்ஸபோன் அதே மெட்டை எங்கே நிறுத்துகின்றது, எங்கே நீட்டுகின்றது என்று கேட்க. நாம் மேலே கூறியவை யாவும் அப்பொழுது செவிக்கே தெளிவாகும்.