பழைய மொபெட் வீட்டுக்கு வந்தால்

எங்கள் உடுமலைப்பேட்டைச் சாலைகளில் அதிகாலையில் நின்று பார்த்தால், தேங்காய் மூட்டை, பால் கேன், தக்காளிப் பெட்டி, பனியன் துணிப் பொதி என எதையேனும் சுமந்தபடி மொபெட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். 1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 வெளிவந்தது முதல், அதுவும் அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளும் நம் பெற்றோரின் உழைப்பில் பங்கு கொண்டு வருகின்றன. புதிது வாங்க வசதியில்லாத வீடுகளுக்குப் பல கை மாறிய பழைய வண்டியே வந்து சேருகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா இரண்டாம் ஷிப்டு முடிந்து இருட்டில் அதில்தான் திரும்புகிறார். எனவே அதில் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டறிந்து எழுதுகிறோம். ஓட்டுவதற்கு எங்களுக்கு வயது வரவில்லை. ஆனால் பின்னால் உட்காருகிறவர்கள் நாங்கள்தானே!

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. கேபிள் அறுந்து, எண் நகராமலே வண்டி பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். கைப்பிடி ரப்பரும் கால் வைக்கும் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அது நெடுந்தூரம் உழைத்த வண்டி.

வாங்கியவுடன் எல்லோரும் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீடு சேரலாம். நிற்காத வண்டியை என்ன செய்வது? ஆகையால் முதற் செலவு பிரேக்குக்கே. இரண்டு சக்கரங்களையும் கழற்றி, பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதிது போட வேண்டும். அடுத்தது டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் ஆகாது. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் சாவியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. இந்தச் சோதனையை எங்கள் தம்பி வீணை வாசிப்பதுபோல் செய்கிறான்!

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் பாரில் 'டக் டக்' என்று தட்டுகிறதா? கோன் செட் தேய்ந்திருக்கலாம். செயின் ஓடும் பற்சக்கரத்தின் பற்கள் அரிவாள் மூக்குபோல் வளைந்திருந்தால், செயினையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனி என்ஜின். 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டி; அதற்கு என்ஜின் ஆயில் தனி. அதற்கு முந்தைய எக்ஸ்.எல். வண்டிகள் இரண்டு ஸ்ட்ரோக். அவற்றில் பெட்ரோலுடன் கலக்கும் ஆயிலே பிஸ்டனைக் காப்பது. ஆயில் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். பழைய சொந்தக்காரர் எப்படிக் கலந்தாரோ தெரியாது. டாங்கை வடித்துவிட்டு, லிட்டருக்கு 20 மில்லி என்று நாமே கலப்பது நல்லது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உள்ளே நடப்பது தெரியும். முனை காப்பித்தூள் நிறமென்றால் நலம். ஈரக் கறுப்பென்றால் ஆயிலோ பெட்ரோலோ மிகுதி. வெளுத்திருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஏற்றத்தில் வண்டி திணறினால் சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நில்லாமல் நம் ஊரில் புழுதியையும் வாரி இறைக்கிறது. ஆடி மாதத்தில் ஏர் பில்டரை அடிக்கடி சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

கடைசியாகக் காகிதங்கள். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று வண்டியிலேயே துடைத்துப் படிக்க வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியென்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். 29, 30 எண் படிவங்களில் விற்றவரின் கையெழுத்தை வாங்கிப் பெயர் மாற்றுவதோடு இன்சூரன்சையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை விபத்து ஏதும் நேர்ந்தால் நோட்டீஸ் விற்றவர் வீட்டுக்கே போகும்.