முட்டைக்குள் முட்டை

வீட்டு நாட்டுக்கோழி இட்ட பருத்த முட்டையொன்றை உடைத்தபோது, உள்ளே ஓட்டோடு கூடிய மற்றொரு சிறு முட்டை இருந்ததென்றும், அப்பத்தா அதை அபசகுனம் என்கிறார் என்றும் அந்தியூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சகுனத்தைப் பற்றி விஞ்ஞானத்துக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆயினும் இதே விசித்திரம், மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் பாக் நகரை அடுத்த பட்லியா கிராமத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட டைனோசர் முட்டையொன்றில் இருப்பதை டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹர்ஷா திமான், குண்டுபள்ளி பிரசாத் ஆகியோரும் விஷால் வர்மாவும் 2022-இல் அறிவித்தனர்.

கோழியின் சினைப்பையிலிருந்து மஞ்சட்கரு ஒரு வேளைக்கு ஒன்றாகவே புறப்பட்டு, முட்டைக்குழலின் ஓரிடத்தில் வெண்கருவையும், அடுத்த இடத்தில் சவ்வையும், கடைசியில் ஏறக்குறைய 20 மணி நேரம் தங்கிச் சுண்ணாம்பு ஓட்டையும் பெறுகிறது. ஓடு பூண்ட அம்முட்டை, குழல் எதிர்முகமாகச் சுருங்குவதால் வந்த வழியே மேலே தள்ளப்பட்டு, அடுத்துவரும் முட்டையோடு சேர்ந்து, இரண்டும் ஒரே ஓட்டுக்குள் அடைபடுவதுண்டு. பர்கூர் மலைப்பாதையில் அந்தியூரை எட்டவிருந்த லாரி, வழியடைபட்டுப் பின்னோக்கி ஏறி, மேலிருந்து இறங்கும் லாரிக்குள்ளேயே புகுந்து, இரண்டுக்குமாக ஒரே தார்ப்பாய் கட்டப்பட்டு மறுபடி இறங்கினால், சோதனைச்சாவடிக்காரர் எத்தனை வண்டி என்று கணக்கெழுதுவார்?

ஆமைக்கு இந்த முட்டைக்குள் முட்டை வாய்ப்பதில்லை. அதன் முட்டைகளெல்லாம் ஒரு சேரப் புறப்பட்டு ஒரு சேர ஓடு பெறுவதால், பின்தொடரும் முட்டையே இராது. தங்கிவிட்ட முட்டைக்கு ஓட்டின்மேல் ஓடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பட்லியா முட்டையிலோ இரண்டு வட்ட ஓடுகளுக்கு நடுவே அகன்ற இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. ஆகவே அம்முட்டையை இட்ட டைட்டனோசர் என்னும் மலைபோன்ற டைனோசரும் கோழியைப்போல முட்டைகளை ஒவ்வொன்றாக உருவாக்கியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் அனுமானம்.

சரித்திரம் வேண்டுவோருக்கு: 1842-இல் விஞ்ஞானி ஓவன் டைனோசர்களுக்கு அப்பெயரைச் சூட்டினார், நெடுங்காலம் இவை மந்தமான பெரும் பல்லிகளாகச் சித்திரிக்கப்பட்டன, 1996-இல் சீனத்தில் தூவி போன்ற போர்வையுடைய புதைபடிவம் வெளிப்பட்டதும் சித்திரங்கள் மாறின.

மாறியது சித்திரம் மட்டுமா, ஆர்ப்பாட்டமும்தான். டைரனோசரஸின் மூளையில் குரங்குக்கு நிகராக 300 கோடி நியூரான்கள் இருந்தன என்று 2023-இல் வெளியான மதிப்பீட்டை, மூளையின் அளவையே மிகைப்படக் கொண்டதென்று மறு ஆண்டே வேறொரு குழுவினர் மறுத்தனர். 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் கிடைத்து, டைனோசர் முட்டைகளென்று ஊரெல்லாம் பேசப்பட்ட உருண்டைகளோ, அம்மோனைட் என்னும் கடற்பிராணியைச் சூழ்ந்து இறுகிய கற்கள்.

பட்லியாவுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். கிடைத்திருப்பது ஒரே ஒரு பழுதான முட்டை. அன்றியும், அப்பிரதேசத்தில் 2023-இல் விவரிக்கப்பட்ட 92 கூடுகளும் 256 முட்டைகளும் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே அவற்றின் நடுவே தாய் கால்வைத்து நடந்து அடைகாத்திருக்க இயலாது. உருவாக்கும் விதத்தில் கோழியாகவும், இட்டபின் விட்டுச்செல்லும் விதத்தில் ஆமையாகவும் ஒரே ஜந்து இருந்திருக்குமாயின், அதை முழுப் பறவையாக்கத் துடிப்பவர்களும் முழுப் பல்லியாகவே வைத்திருக்க விரும்புபவர்களும் சமமாகவே அவசரப்படுகிறார்கள்.